பை உட்கார்ந்து போன நாற்காலி

வயிற்று வலி என்று பொய் சொல்லி என் விளையாட்டு வகுப்பை வாராவாரம் தட்டிக்கழித்த பெண்தான் பிற்காலத்தில் என் வயிற்றை அறுத்தாள்.

நான் திருவண்ணாமலையில் அரசுப் பெண்கள் பள்ளியில் பி.டி. டீச்சர். விசிலும் வெயிலும்தான் என் பிழைப்பு. அவள் எட்டாம் வகுப்பில் இருந்தபோது நான் வேலைக்குப் புதிது. மைதானத்தில் விசில் சத்தம் கேட்டதும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஓரமாய்ப் போய் உட்காருவாள். நான் அந்தப் பக்கம் திரும்பியதும் பாவாடைக்குள் ஒளித்து வைத்திருக்கும் அறிவியல் புத்தகம் வெளியே வரும். எத்தனையோ முறை காதைத் திருகியிருக்கிறேன். இன்று அவள் ஊரில் கைராசிக்காரி என்று பெயரெடுத்த பெண்கள் மருத்துவர். அவள் அறைக்கு வெளியே காத்திருக்கும் கூட்டத்தைப் பார்க்கும்போதெல்லாம், இந்தக் காதைத் திருகியவள் நான்தான் என்று எழுந்து நின்று சொல்லத் தோன்றும். பக்கத்தில் ஆளிருந்தால் அவளை டாக்டர் என்பேன். ஆளில்லாவிட்டால் பழையபடி ஏண்டிதான்.

கர்ப்பப்பையில் கட்டி. ஒரு வருடமாக ரத்தம் போய்க்கொண்டே இருந்தது. மைதானத்தில் நின்றால் கண் இருட்டிக்கொண்டு வந்தது. அதையும் மறைத்துக்கொண்டு கபடிப் பெண்களோடு கத்திக்கொண்டிருந்தேன். ஒருநாள் முடியாமல் போய் அவளிடம் நின்றபோது, ஸ்கேனைப் பார்த்துவிட்டு என்னை முறைத்தாள்.

"இன்னும் எத்தனை நாளைக்கு டீச்சர் வயித்து வலி இல்லைனு பொய் சொல்லுவீங்க?"

கர்ப்பப்பையை எடுத்தே தீர வேண்டும், தள்ளிப்போடக் கூடாது என்றாள். எனக்கு அப்போது மனசில் ஓடியது வேறு கணக்கு.

எங்களுக்கு ஒரே மகள். ஜெர்மனியில் ஒரு பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தாள். எதைப் பற்றி என்று யாராவது கேட்டால் போதும், என் கணவர் நெஞ்சை நிமிர்த்திக்கொள்வார். "மல்லாட்டச் செடியப் பத்தி" என்பார். எங்கள் பக்கத்தில் வேர்க்கடலைக்கு மல்லாட்டை என்று பெயர். அவர் அடி அண்ணாமலையில் மல்லாட்டை போடுகிற விவசாயி. வீடு மட்டும் என் வேலைக்காக வேங்கிக்காலுக்கு வந்துவிட்டது. மகள் சின்னவளாக இருந்தபோது அப்பாவோடு நிலத்துக்குப் போய், புள்ளி விழுந்த இலைகளைப் பறித்துக்கொண்டு வந்து, இது ஏன் இப்படி ஆகுது என்று அவரைத் துளைத்தெடுப்பாள். அவருக்குத் தெரியவில்லை. எனக்குச் சுத்தமாகத் தெரியவில்லை. கடைசியில் அவளே கண்டுபிடிக்கக் கிளம்பிவிட்டாள். அந்த இலைப்புள்ளி நோய்தான் அவள் ஆராய்ச்சி.

அங்கே கடைசிப் பரீட்சையை எல்லோர் முன்னாலும் வைப்பார்களாம். பேராசிரியர்கள் கேள்வி கேட்பார்கள், அவள் நின்று பதில் சொல்ல வேண்டும், பெற்றவர்களும் வந்து உட்காரலாம். மே மாதக் கடைசியில் தேதி குறித்துவிட்டார்கள். "நீ வரலனா பரவால்லம்மா, உடம்பப் பாத்துக்கோ" என்று மகள் போனில் சொன்னாள். அவள் குரல் பரவாயில்லை என்று சொல்லவில்லை. எனக்கு அந்த அரங்கத்தில் இருந்தே ஆக வேண்டும். எங்கள் இரண்டு குடும்பத்திலும் கல்லூரி வாசலை முதலில் மிதித்தவள் நான். அதற்குமேல் இருக்கும் எல்லா வாசலையும் மிதித்தவள் என் பெண். அவள் பேசி முடிக்கும்போது முன்வரிசையில் நான் இல்லையென்றால் வேறு எந்த விழாவுக்குப் போய் என்ன?

"இப்பவே எடுத்துடு. தேதிக்குள்ள நான் ரெடி ஆயிடறேன்" என்றேன் டாக்டரிடம்.

"இது ஸ்போர்ட்ஸ் டே இல்ல டீச்சர்."

"நீ ஸ்போர்ட்ஸ் டேவுக்கே வந்தது இல்லையேடி. உனக்கு எப்படித் தெரியும்?"

சிரித்துவிட்டாள். ஆனால் வாக்குக் கொடுக்கவில்லை. வயிற்றைத் திறந்து செய்கிற ஆப்பரேஷன், ஒன்றரை மாதமாவது ஆக வேண்டும், அதற்குப் பிறகு ரத்தம் ஏறியிருக்க வேண்டும், புண் ஆறியிருக்க வேண்டும், மூச்சு வாங்காமல் நடக்க வேண்டும். இதில் ஒன்று குறைந்தாலும் சான்றிதழ் தர மாட்டேன், டிக்கெட்டைக் கிழித்துப் போடுங்கள் என்றாள். மாணவி என்றும் பாராமல் அவள்மேல் எனக்குக் கோபம் வந்தது. மாணவி என்பதால் பெருமையாகவும் இருந்தது.

ஆப்பரேஷன் நல்லபடியாக முடிந்தது. அதன் பிறகுதான் ஊர் என்னைப் பார்க்க வந்தது. ஹார்லிக்ஸ் பாட்டிலும் ஆப்பிளுமாக வந்து உட்கார்ந்து, இடுப்பெலும்பு வரைக்கும் பயத்தை ஏற்றிவிட்டுப் போனார்கள். என் கணவரின் அத்தை ஒருத்தி கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள். "வயித்தக் கிழிச்சி தச்சிருக்காங்க. நீ இன்னாடான்னா ஆகாசத்துல பறக்கறேன்ற. மேல போனா காத்து அழுத்தி தையல் பிரிஞ்சிக்கும்டி."

"பிரிஞ்சா மேலயே இருந்துக்கறேன் அத்த" என்றேன். அவள் காபி குடிக்காமல் போய்விட்டாள்.

ஆனாலும் அந்த நாட்களில் நான் ஒருமுறை உட்கார்ந்து அழுதேன். சித்ரா பௌர்ணமி அன்று. கல்யாணமாகி அடி அண்ணாமலைக்கு வந்ததிலிருந்து, பிரசவம் ஆன மாதங்களைத் தவிர, ஒரு பௌர்ணமிக்கும் நான் கிரிவலம் போகாமல் இருந்ததில்லை. வெறுங்காலில் மலையைச் சுற்றி வந்துவிட்டு மறுநாள் காலை மைதானத்தில் விசிலோடு நிற்பேன். அதில் எனக்குக் கொஞ்சம் திமிரும் உண்டு. அன்று மொட்டை மாடிக்குக்கூட ஏற முடியாமல், வேங்கிக்கால் ரோட்டில் பஸ் பஸ்ஸாக வந்து இறங்கும் கூட்டத்தின் சத்தத்தைப் படுத்துக்கொண்டே கேட்டேன். என் கணவர் தனியாகச் சுற்றிவிட்டு வந்து என் நெற்றியில் திருநீறு பூசினார். "அடுத்த பௌர்ணமிக்கு நீ நடப்ப டீச்சர்" என்றார். கிண்டல் செய்யும்போதும் அன்பாக இருக்கும்போதும் அவருக்கு நான் டீச்சர்.

மறுநாளே நடக்க ஆரம்பித்தேன். முதலில் கூடத்துக்குள். பிறகு வாசல் வரை. பிறகு வெயில் ஏறுவதற்கு முன்னால் கலெக்டர் ஆபீஸ் மதில் வரை போய்த் திரும்பினேன். குடம் தூக்கவில்லை, குனிந்து கூட்டவில்லை. முருங்கைக்கீரையும் பேரீச்சம்பழமும் ஈரலுமாகத் தின்று தீர்த்தேன். முப்பது பெண்களைப் பழக்குகிறவளுக்கு ஒரு உடம்பைப் பழக்கத் தெரியாதா?

கடைசிப் பரிசோதனைக்குப் போனபோது டாக்டர் வயிற்றை அழுத்திப் பார்த்தாள், ரத்தப் பரிசோதனையைப் பார்த்தாள், மாடிப்படி ஏறி இறங்கச் சொல்லி என் மூச்சை நின்று கவனித்தாள். பிறகு சான்றிதழில் கையெழுத்துப் போட்டாள். எனக்கு விசில் ஊத வேண்டும்போல இருந்தது. ஆனால் அவள் விடவில்லை. என்னை எதிரில் நிற்கவைத்துப் பாடம் நடத்தினாள்.

"தையல் பிரியாது டீச்சர், அத நெனச்சி பயப்படாதீங்க. பயப்பட வேண்டியது காலுக்கு. மணிக்கணக்கா மடக்கி வெச்சி உக்காந்தா ரத்தம் கால்லயே தங்கி உறைஞ்சிக்கும். ஆப்பரேஷன் ஆனவங்களுக்கு அது ஜாஸ்தி. அந்த ரத்தக்கட்டி நெஞ்சுக்குப் போச்சுன்னா உயிருக்கே ஆபத்து. அதனால மணிக்கொரு தரம் எழுந்து நடக்கணும். உக்காந்திருக்கறப்பவும் பாதத்த மேலயும் கீழயும் ஆட்டணும். இறுக்கமான சாக்ஸ் எழுதித் தர்றேன், எறங்கற வரைக்கும் கழட்டக் கூடாது. தண்ணி குடிச்சிக்கிட்டே இருக்கணும். பாத்ரூம் போகணும்னு வெக்கப்பட்டு தண்ணிய கம்மி பண்ணீங்க, அப்புறம் இருக்கு."

ரத்தம் உறையாமல் இருக்க ஊசி வேண்டாமா என்று கேட்டேன். சிலருக்கு வேண்டும், உங்களுக்கு நடையும் தண்ணீரும் சாக்ஸும் போதும் என்றாள். ஒரு கால் மட்டும் வீங்கிச் சிவந்து, கெண்டைக்கால் வலித்தாலோ, மூச்சுத் திணறினாலோ ஒரு நிமிடமும் காத்திருக்காமல் டாக்டரிடம் போக வேண்டும். மாத்திரையும் சான்றிதழும் கைப்பையில் இருக்க வேண்டும். மேலே போனால் வயிற்றில் உள்ள காற்று உப்பும், அதனால் சோடா, கொண்டைக்கடலை, மல்லாட்டை எதுவும் விமானத்தில் கூடாது. இதைக் கேட்டதும் என் கணவரின் முகம் விழுந்துவிட்டது. மகளுக்காக ஒரு பை நிறைய வறுத்து வைத்திருந்தார்.

"பொட்டில வெச்சி எடுத்துனு போங்க சார். டீச்சர் கைக்கு எட்டாம இருந்தா சரி" என்றாள் டாக்டர். பிறகு என்னைப் பார்த்து, "வீல்சேர் கேட்டு வாங்கிக்கோங்க. வரிசைல ரொம்ப நேரம் நிக்க வேணாம், பை தூக்கவே கூடாது" என்றாள்.

"நடக்கச் சொல்றியா, உக்காரச் சொல்றியா? ஏதாவது ஒண்ணு சொல்லுடி. மலைய சுத்தறவ நான். என்ன வண்டில உக்காரவெச்சித் தள்ளிக்கிட்டுப் போகணுமா?"

என் கணவர் வாயே திறக்கவில்லை. அந்த அமைதியை நான் சந்தேகப்பட்டிருக்க வேண்டும். மறுநாள் ரமணாசிரமம் பக்கம் வெளிநாட்டுக்காரர்களுக்கு டிக்கெட் போடும் கடைக்குப் போய், என்னிடம் சொல்லாமல், என் பெயரில் போகும்போதும் இறங்கும்போதும் சக்கர நாற்காலிக்குச் சொல்லிவைத்துவிட்டு வந்திருக்கிறார். வரும் வழியில் தனக்கு ஒரு ஜோடி கறுப்பு ஷூவும் வாங்கியிருந்தார். வாழ்நாள் முழுக்கச் செருப்போடு இருந்த மனிதர், மகள் பட்டம் வாங்கும் அரங்கத்துக்காக வாங்கிய முதல் ஷூ. வீட்டுக்குள்ளேயே போட்டுக்கொண்டு நடந்து காட்டினார். கால் கடிக்குதா என்றால், இல்லை, சத்தம் நல்லா இருக்கு என்றார்.

பயண நாள் பௌர்ணமியாக அமைந்துவிட்டது. டிக்கெட் போடும்போது யாரும் பார்க்கவில்லை. ஊரே மலையைச் சுற்ற வரும் நாளில் நாங்கள் இரண்டு பேரும் ஊரை விட்டு, காலை விமானத்துக்குச் சென்னைக்குப் போனோம்.

விமான நிலைய வாசலில் என் பெயரெழுதிய அட்டையோடு ஒருவர் சக்கர நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கணவரைத் திரும்பிப் பார்த்தேன். அவர் விமான நிலையத்தின் கூரையை ரசித்துக்கொண்டிருந்தார்.

"மேடம், உக்காருங்க" என்றார் நாற்காலிக்காரர்.

நான் என் கைப்பையை அந்த நாற்காலியில் வைத்தேன். "இது உக்காரும். நான் கூட நடந்து வர்றேன்."

நல்ல மனிதர். முகம் சுளிக்கவில்லை. "பைக்கு பெல்ட் போடட்டுங்களா மேடம்?" என்று கேட்டார். அப்படித்தான் போனோம். நாற்காலியில் என் பை, பக்கத்தில் நான், பின்னால் ஷூ சத்தத்தோடு என் கணவர். நாற்காலி போகும் குறுக்கு வரிசையில் எங்களையும் விட்டுவிட்டதால் நின்று கால் வலிக்கவும் இல்லை, பையைத் தூக்கவும் இல்லை. டாக்டர் சொன்னதையும் கேட்டாயிற்று, என் மானமும் போகவில்லை. சோதனை செய்த பெண் போலீஸ் ஆப்பரேஷனுக்காகக் கட்டியிருந்த என் வயிற்றுப் பெல்ட்டைத் தொட்டுப் பார்த்துச் சான்றிதழைக் கேட்டாள். பார்த்துவிட்டு, "பாத்துப் போங்கம்மா" என்றாள்.

விமானம் தாமதமாகத்தான் கிளம்பியது. சீட் பெல்ட்டைத் தையலுக்குக் கீழே, இடுப்பெலும்பின்மேல் தழையப் போட்டு, இடையில் ஒரு துண்டை மடித்து வைத்துக்கொண்டேன். நடைபாதை ஓரத்து இருக்கை எனக்கு, ஜன்னல் அவருக்கு. உட்கார்ந்ததும் ஷூவைக் கழற்றி வைத்துவிட்டு, இருக்கைமேலேயே சம்மணம் போட்டுக்கொண்டார். வீட்டிலும் நாற்காலியில் அப்படித்தான் உட்காருவார்.

பெல்ட் விளக்கு அணைந்ததும் எழுந்து ஒரு நடை போனேன். பெரிய விமானம், இரண்டு நடைபாதை. இடப்பக்கப் பாதையில் முன்னால் போய், சாப்பாடு சூடு பண்ணும் இடத்தில் குறுக்கே கடந்து, வலப்பக்கப் பாதையில் பின்னால் வந்து, மறுபடியும் கடந்தால் என் இருக்கை. முதல் சுற்று முடிந்து உட்காரப் போகும்போதுதான் உறைத்தது. நடுவில் இருந்ததெல்லாம் என் வலது கைப்பக்கமே இருந்தது. மலையை எப்படி வலம் வருவேனோ அப்படியே வந்திருக்கிறேன். அதுவும் பௌர்ணமி அன்று.

அதற்குப் பிறகு யார் என்னை உட்காரவைக்க முடியும்? மணிக்கொரு தரம் எழுந்தேன். கிளம்பும் இடத்தில் இந்திர லிங்கத்தை நினைத்துக்கொண்டேன். அடுத்த திருப்பத்தில் அக்னி லிங்கம், பிறகு எம லிங்கம் என்று, மலையைச் சுற்றியுள்ள எட்டு லிங்கத்தையும் அந்த விமானத்துக்குள் வரிசையாக இருத்திவிட்டேன். கழிவறை இருந்த மூலையில் மட்டும் யாரையும் வைக்கவில்லை. அந்த அளவுக்குப் பயம் இருந்தது. வெறுங்காலில் நடக்கத்தான் ஆசை. சாக்ஸைக் கழற்றக் கூடாது என்பது டாக்டர் உத்தரவு. அண்ணாமலையார் பொறுத்துக்கொள்வார், அவள் பொறுக்க மாட்டாள்.

பணிப்பெண் இரண்டு முறை பார்த்துவிட்டு மூன்றாவது முறை கேட்டாள். தமிழ்ப் பெண். "ஏதாவது வேணுமாம்மா?"

"ஒண்ணும் வேணாம்மா. கிரிவலம்."

அவள் சிரித்துக்கொண்டே வழி விட்டாள். அதைக் கேட்ட முன்சீட்டு அம்மா ஒருவர், மகன் வீட்டுக்குப் போகிறவர், முழங்காலைத் தேய்த்துக்கொண்டே எழுந்து என் பின்னால் வர ஆரம்பித்தார். "நானும் வர்றேன், வீட்டுக்காரர் இருக்கறப்ப ஒரு தரம் வந்தது" என்றார். தடுமாறினால் பிடித்துக்கொள்ள இருக்கைகளின் முதுகு இருந்தது. பெல்ட் விளக்கு எரிந்தால் மட்டும் எங்கே இருந்தாலும் திரும்பிவந்து உட்கார்ந்தோம்.

ஒவ்வொரு சுற்று முடியும்போதும் கணவரைக் கூப்பிட்டேன். "ஏங்க, எழுந்து வாங்க. கால் மரத்துடும்."

"எனக்கின்னா ஆப்பரேஷனா ஆச்சு? நீ போ டீச்சர்."

பணிப்பெண் தண்ணீர் கொண்டுவரும்போதெல்லாம் தன் டம்ளரையும் என்னிடம் நீட்டினார். "நீ குடி. டாக்டரம்மா இன்னா சொல்லுச்சு?" என்றார். அவருடையது எங்கே என்றால், நீ நடக்கப் போனப்பவே குடிச்சிட்டேன் என்பார். சாப்பாட்டைத் தொடவில்லை. பௌர்ணமி விரதம் அவருக்குப் பழக்கம்தான், நிலா வந்த பிறகு சாப்பிடுவார். அதனால் நானும் கேட்கவில்லை. கைக்கடிகாரத்தைப் பார்ப்பதும் ஜன்னலைப் பார்ப்பதுமாக இருந்தார். கடிகாரத்தில் எங்கள் ஊருக்குப் பொழுது சாய்ந்துவிட்டது. ஜன்னலில் வெயில் அடித்துக்கொண்டே இருந்தது. விமானம் சூரியனின் பின்னாலேயே ஓடுகிறதே, எங்கிருந்து சாயும்? முதல் முறை விமானம் ஏறிய பயம் என்று நினைத்து அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். உள்ளங்கை வறண்டு கிடந்தது.

விமானம் தரையிறங்கி எல்லோரும் எழுந்தார்கள். அவர் குனிந்து ஷூவைப் போட்டார். போகவில்லை. இன்னொரு காலைப் போட்டார். அதுவும் போகவில்லை. இரண்டு பாதமும் ஊறப்போட்ட பருப்பு மாதிரி உப்பியிருந்தன. எழுந்து நின்றவர் அப்படியே தலை சுற்றி உட்கார்ந்துவிட்டார்.

எனக்கு உடனே டாக்டர் சொன்னதெல்லாம் வரிசையாக நினைவுக்கு வந்தது. கெண்டைக்காலை அழுத்திப் பார்த்தேன். வலிக்குதா? இல்லை. சிவந்திருக்கா? இல்லை. மூச்சு வாங்குதா? இல்லை. இரண்டு காலும் ஒரே மாதிரிதான் வீங்கியிருந்தது.

"தண்ணி குடிச்சீங்களா?"

மறுபடியும் ஷூவை எடுத்துக் காலில் மாட்டப் பார்த்தார்.

"காலைலேர்ந்து ஒரு வாய் தண்ணியாவது குடிச்சீங்களா, இல்லையா?"

விளையாட்டு வகுப்பில் மாட்டிக்கொண்ட பெண் மாதிரி தலையைக் குனிந்துகொண்டார். "வேண்டிக்கிட்டேன். உன்ன நல்லபடியா கொண்டாந்து சேத்தா, நிலாவப் பாக்கற வரைக்கும் பச்சத் தண்ணி பல்லுல படாம இருக்கேன்னு. ஊர்ல இருந்தா இந்நேரத்துக்கு வந்திருக்கும். இங்க பொழுதே சாய மாட்டேங்குதே."

எனக்கு வந்த ஆத்திரத்தில் விமானம் என்றுகூடப் பார்க்கவில்லை. "எந்தத் தண்ணி என்னக் காப்பாத்தும்னு டாக்டர் சொன்னாளோ, அதையே வேண்டுதலுக்கு விட்டுட்டீங்களா? எனக்கு ஒரு டம்ளர், எனக்கே உங்க டம்ளரும். உங்களுக்கு ஏதாவது ஆகியிருந்தா?" என்று கத்தினேன். கத்திக்கொண்டே அழுதேன். இப்படி ஒரு மனிதர் எனக்கு வாய்த்திருக்கிறாரே என்ற பெருமையும் அந்த அழுகையில் இருந்தது. அதை அவரிடம் சொல்லவில்லை. சொன்னால் அடுத்த முறை இன்னொன்று வேண்டிக்கொள்வார்.

பாட்டிலை நீட்டினேன். வாங்க மறுத்துவிட்டார். நிலாவைப் பார்க்காமல் முடியாதாம். அவ்வளவு சாதுவான மனிதர், வேண்டுதல் விஷயத்தில் மட்டும் பாறை.

விமான வாசலில் என் பெயரைச் சொல்லிக்கொண்டு ஒரு வெள்ளைக்காரப் பெண் சக்கர நாற்காலியோடு நின்றாள். நான் கணவரைக் காட்டினேன். அவர் என் நாற்காலியில், வெறும் காலோடு, ஷூவை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். நான் பக்கத்தில் நடந்தேன்.

வெளியே மகள் கையில் பூங்கொத்தோடு எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். எங்களைப் பார்த்ததும் அவள் முகம் மலர்ந்து, சுருங்கி, குழம்பிப் போனது. என்னைப் பார்த்தாள், நாற்காலியைப் பார்த்தாள்.

"யாருக்குப்பா ஆப்பரேஷன் ஆச்சு?"

அவர் சிரித்தார். உதடு காய்ந்து வெடித்திருந்தது. நான் விஷயத்தைச் சொன்னேன். நிலா எப்போது வரும் என்று கேட்டேன். இங்கே கோடையில் ராத்திரி சாப்பாடு முடிந்து படுக்கப் போகும் நேரம் ஆகும் என்றாள் மகள். கண்ணாடிச் சுவருக்கு வெளியே வெயில் பளபளத்துக்கொண்டிருந்தது. அதுவரை இந்த மனிதரை இப்படியே வைத்திருக்க முடியாது. அவர் அண்ணாமலையாருக்குக் கொடுத்த வாக்கை மீறவைக்கவும் எனக்கு மனசு இல்லை.

"உன் போன குடு. சித்தப்பாவுக்கு வீடியோ போடு" என்றேன்.

என் கொழுந்தன் அடி அண்ணாமலையில் கிரிவலப் பாதையில்தான் இருக்கிறான். பௌர்ணமிக்குப் பௌர்ணமி வீட்டு வாசலில் தண்ணீர் பாட்டிலும் எலுமிச்சை ஜூஸும் விற்பான். கூட்டத்தில் எடுப்பானோ மாட்டானோ என்று இருந்தது. எடுத்தான். "இன்னா அண்ணி, போய்ச் சேந்துட்டீங்களா?" என்றான். பின்னால் பீப்பீ சத்தமும் பேச்சுச் சத்தமும் கடல் மாதிரி கேட்டது.

"வியாபாரத்த விட்டுட்டு ரோட்டுக்கு வா. நிலா வந்துடுச்சா? மலையோட சேத்துக் காட்டு. உங்க அண்ணன் பாக்கணும்."

படம் ஆடியது. தலைகள், விளக்குகள், யாரோ ஒருவரின் தோளில் தூங்கும் குழந்தை. பிறகு மேலே தூக்கினான். கறுப்பாக எங்கள் மலை. அதன் தோளுக்கு மேலே முழு நிலா.

போனை அவர் கண்ணுக்கு நேராகப் பிடித்தேன். அந்த வெள்ளைக்காரர் கூட்டத்தின் நடுவில், நாற்காலியில் உட்கார்ந்தபடியே, என் கணவர் இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிக் கும்பிட்டார். "அரோகரா" என்றார். சத்தம் வரவில்லை, தொண்டை அவ்வளவு காய்ந்திருந்தது. நான் பாட்டிலைத் திறந்து கொடுத்தேன். ஒரே மூச்சில் பாதியைக் குடித்தார்.

"மெதுவா" என்று அதட்டினேன்.

"நல்லபடியா கொண்டாந்து சேத்துட்டான் டீச்சர்" என்றார்.

"நானும் கொஞ்சம் நடந்தேன்" என்றேன்.

மகள் விடவில்லை. வீட்டுக்குப் போகும் வழியிலேயே ஒரு டாக்டரிடம் அவரைக் காட்டினாள். காலை உயரமாக வைத்துப் படுங்கள், நிறையத் தண்ணீர் குடியுங்கள், வேறொன்றும் இல்லை என்றார் அவர். என்னையும் பரிசோதித்தார். சாக்ஸைக் கழற்றி என் காலைப் பார்த்துவிட்டு மகளிடம் என்னவோ சொன்னார். "உனக்கு ஓட்டக்காரி காலாம்மா" என்று மகள் மொழிபெயர்த்தாள். அதை அன்றைக்கே திருவண்ணாமலைக்குப் போன் போட்டு என் டாக்டரிடம் சொன்னேன். அவள் எதிர்முனையில் விசில் அடித்தாள். மைதானத்துக்கே வராதவள் எங்கே விசில் கற்றாளோ.

பரீட்சை அன்று என் கணவருக்கு ஷூ சுலபமாகக் காலில் ஏறியது. சத்தத்தோடு நடந்து வந்து முன்வரிசையில் என்னோடு உட்கார்ந்தார். மகள் நீலப் பட்டுப்புடவையில் மேடையில் நின்றாள். அவள் பின்னால் பெரிய திரையில் ஒரு இலை. அதை எனக்கு முன்னால் என் கணவர் அடையாளம் கண்டுகொண்டார். "நம்ம கெணத்து மேட்டுச் செடி" என்று என் காதில் சொன்னார். பேராசிரியர்கள் கேள்விமேல் கேள்வி கேட்டார்கள். அவள் ஒரு கேள்விக்கும் கண்ணைத் தாழ்த்தவில்லை. எனக்கு ஒரு சொல்லும் புரியவில்லை. அவள் நின்ற நிலை புரிந்தது. கால் இரண்டையும் சமமாக ஊன்றி, தோளைப் பின்னுக்குத் தள்ளி. அப்படி நிற்கச் சொல்லிக் கொடுத்தது நான்.

முடிந்ததும் எல்லோரும் கை தட்டவில்லை. விரல் முட்டியால் மேசையைத் தட்டினார்கள். அங்கே அதுதான் பாராட்டாம். என் வகுப்பில் எவளாவது மேசையைத் தட்டினால் வெளியே நிற்கவைப்பேன். அன்று என் கை முட்டி சிவக்கத் தட்டினேன்.

பிறகு மகள் எங்களைத் தன் பேராசிரியரிடம் அழைத்துப்போனாள். அப்பாவைக் காட்டி, நான் ஆராய்ச்சி செய்த முதல் இலை இவர் நிலத்தினுடையது என்றாள். அடுத்து என் பக்கம் திரும்பினாள். ஆப்பரேஷன் ஆனவள், பாவம், கஷ்டப்பட்டு வந்திருக்கிறாள் என்று சொல்லப் போகிறாளோ என்று எனக்கு உள்ளுக்குள் உறுத்தியது. அவள் ஜெர்மன் மொழியில் சொன்னதைக் கேட்டு அவர்கள் எல்லோரும் கண்ணை அகல விரித்து என்னைப் பார்த்தார்கள்.

"இன்னாடி சொன்ன?" என்று கேட்டேன்.

"எங்க அம்மா வானத்துல நடந்தே வந்தாங்கன்னு சொன்னேன்."

பேராசிரியர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். அதற்குள் யாருக்கோ ஆப்பரேஷன் விஷயம் தெரிந்திருக்க வேண்டும். ஓடிப்போய் ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து எனக்குப் பக்கத்தில் போட்டு, உட்காருங்கள் என்று கையைக் காட்டினார்கள். நன்றி சொல்லி, என் பையை அதில் வைத்துவிட்டு, என் பெண்ணுக்குப் பக்கத்தில் நின்றேன்.